காத்து மாறுச்சுன்னா…

போன செப்டம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை, கோவளம் உப்பங்கழியில தனியா விண்ட் சர்ஃபிங் போனேன். "கும்மிடிப்பூண்டிக்காரனுக்கு கோவளத்துல என்னய்யா வேலை?"ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழியான பழவேற்காடு எங்க ஊர் பக்கத்துலதான் இருக்கு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

காலையில மேற்கிலிருந்து லேசான காத்து. பதினோரு மணிக்கு அதுவும் நின்னு போச்சு. பாய் தண்ணியில விழ, நான் விழ, மறுபடி ஏற... அரை மணி நேரம் இதே கூத்துதான். மத்தியானம் கடல்காத்து வந்துச்சு பாருங்க, அப்பதான் சொர்க்கம்! ஒரு வாரம் பக் ஃபிக்ஸ் பண்ண அலுப்பெல்லாம் பத்தே நிமிஷத்துல காணோம்.

மூணரை மணி இருக்கும். மேற்கே கருகருன்னு மேகம். கடல்காத்து பட்டுன்னு நின்னுச்சு. அப்பவே கரைக்குத் திரும்பியிருக்கணும். "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு"ன்னு நினைச்சேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ப்ரொடக்‌ஷன்ல கை வைக்கிற அதே புத்தி.

இடிமேகத்திலிருந்து இறங்குற குளிர்காத்து சொல்லிட்டு வராது. வேகம் ரெண்டு மடங்கானா, பாய் மேல விழுற விசை நாலு மடங்கு. இன்ஜினியரிங்ல மார்க்குக்காகப் படிச்ச ஃபார்முலா அன்னிக்குத் தோள்பட்டையில புரிஞ்சுது. காத்து என்னை முகத்துவாரம் பக்கமா தள்ளுது. பாயைப் பலகை மேல சாய்ச்சுப் போட்டு, குப்புறப் படுத்து, கையாலயே துழாவினேன். காத்துக்கு எதிரா நேரா போகாம, பக்கவாட்டுக் கரையைப் பார்த்துப் போனேன். பலகையை மட்டும் விடவே இல்ல. கரையில பயிற்சியாளர் கண்ணு வெச்சுட்டே இருந்தார். லைஃப் ஜாக்கெட் இருந்துச்சு. தப்பிச்சது என் வீரத்தால இல்லீங்க, இந்த ரெண்டாலதான்.

இப்ப பழவேற்காடு. 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு, சுத்திப் பார்க்கப் போனவங்க படகு அங்க கவிழ்ந்து 22 பேர் செத்துப் போனாங்க. யாரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கல. அப்ப நான் ஸ்கூல் பையன். அதுக்கப்புறம் அங்க சுற்றுலாப் படகுக்குத் தடை. எங்க வீட்லயும் ஒரு தடை: "தண்ணிப் பக்கமே போகாதே!"

அம்மாவோட பயம் எனக்குப் புரியுது. ஆனா தடை ஒண்ணும் கத்துக் கொடுக்காது. இருபத்தஞ்சு வயசு வரைக்கும் எனக்கு நீச்சல் தெரியாது. அந்த வயசுல திருட்டுத்தனமா ஒரு படகுல ஏறியிருந்தா என் கதி என்ன?

பழவேற்காடு பறவைகள் சரணாலயம், பூநாரை வர்ற இடம். அங்க எனக்குப் பாய் விரிக்க இடம் கொடுங்கன்னு கேட்கல. ஏரியோரப் பள்ளிக்கூடங்கள்ல நீச்சல் சொல்லிக் கொடுங்க. படகுல யார் ஏறினாலும் ஜாக்கெட் போடற பழக்கத்தைக் கொண்டு வாங்க. வாடை எது, கொண்டல் எதுன்னு பழவேற்காட்டு மீனவர்களுக்குத் தெரியும், அவங்களையே வாத்தியாரா கூப்பிடுங்க. தண்ணியைத் தெரிஞ்சவனுக்குத்தான் எப்ப திரும்பணும்னும் தெரியும்.

தனியா போறது தப்பில்ல. கரையில ஒருத்தர்கிட்டயும் சொல்லாம போறதுதான் தப்பு.

டிஸ்கி: நான் அன்னிக்கு அம்மாகிட்ட ஆபீஸ் போறேன்னுதான் சொல்லிட்டுப் போனேன். இந்த வாரம் உண்மையைச் சொல்லணும். வேண்டிக்கோங்க மக்கா :-)