வென்டிலேட்டர் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்தல்: நிலைப்பாட்டு அறிக்கை

ஏ.ஆர்.டி.எஸ். எனப்படும் கடும் நுரையீரல் செயலிழப்பில், வென்டிலேட்டரில் உள்ள நோயாளியைக் குப்புறப் படுக்கவைப்பது கடைசி முயற்சி அல்ல; முதல் இரண்டு நாட்களுக்குள் தொடங்க வேண்டிய அடிப்படைச் சிகிச்சை. இதுவே இந்த அறிக்கையின் நிலைப்பாடு.

காரணம்

நிமோனியா, ஸ்க்ரப் டைபஸ், எலிக்காய்ச்சல், கடலில் மூழ்கி மீட்கப்படுதல் என எதிலிருந்தும் இந்நிலை வரலாம். காற்றுப்பைகளில் நீர் கோத்து நுரையீரல் கனத்துவிடும். மல்லாந்து படுத்திருந்தால் அந்தக் கனமும் இதயத்தின் எடையும் சேர்ந்து முதுகுப்புற நுரையீரலை அழுத்தும். ரத்தவோட்டமோ அங்கேதான் அதிகம். குப்புறப் படுக்கவைத்தால் அழுந்திய பைகள் திறக்கின்றன. ரத்தமும் பெரும்பாலும் அப்பகுதிக்கே தொடர்ந்து செல்கிறது. காற்று சீராகப் பரவுவதால், வென்டிலேட்டரின் அழுத்தமே நுரையீரலைப் புண்ணாக்குவதும் குறைகிறது.

சான்று

2001இல் வெளியான இத்தாலிய ஆய்வில் நோயாளிகள் நாளுக்குச் சராசரியாக 7 மணி நேரமே குப்புறக் கிடந்தனர், இறப்பு குறையவில்லை. 2013இல் வெளியான ‘ப்ரோசேவா’ ஆய்வு, பிரான்சிலும் ஸ்பெயினிலும் நிலைமை மோசமாக இருந்த 466 பேரைத் தேர்ந்து, அவர்களில் ஒரு பிரிவினரை மட்டும் ஒவ்வொரு முறையும் குறைந்தது 16 மணி நேரம் குப்புற வைத்தது. 28 நாள் இறப்பு மல்லாந்து கிடந்தவர்களில் 32.8 சதவீதம், குப்புற வைக்கப்பட்டவர்களில் 16 சதவீதம். யாருக்கு, எவ்வளவு நேரம் என்பதே பலனைத் தீர்மானிக்கிறது.

பரிந்துரைகள்

1. 60 சதவீதமோ அதற்கு மேலோ ஆக்சிஜன் கொடுத்தும், ரத்த ஆக்சிஜன் அழுத்தத்துக்கும் (மி.மீ. பாதரசம்) கொடுக்கும் ஆக்சிஜனின் பின்ன அளவுக்கும் (60 சதவீதம் என்றால் 0.6) உள்ள விகிதம் 150க்குக் கீழே நீடித்தால் குப்புறப் படுக்கவைக்க வேண்டும்.

2. ஒவ்வொரு முறையும் 16 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. கணிக்கப்பட்ட உடல் எடையில் கிலோவுக்கு 6 மில்லி என்ற சிறிய மூச்சளவும் உடன் வேண்டும்.

3. நிலையற்ற முதுகெலும்பு முறிவு, அண்மையில் மார்பெலும்பு பிளந்த அறுவை சிகிச்சை, மூளை அழுத்த உயர்வு ஆகியவை இருந்தால் தவிர்க்க வேண்டும்.

4. திருப்புவதற்குக் குறைந்தது ஐந்து பேர் வேண்டும். தலைமாட்டில் நிற்பவர் மூச்சுக்குழாய் டியூபைக் கையால் பிடித்தபடி எண்ணிச் சொல்ல, மற்றவர்கள் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். அதற்கு முன், பல்லருகே டியூபின் அளவுக்குறியைக் குறித்துக்கொள்ள வேண்டும். மூக்கு வழியே வயிற்றுக்குச் செல்லும் ரைல்ஸ் டியூப் வழி உணவை நிறுத்தி வயிற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். கண்களில் களிம்பிட்டு இமைகளை மூடி ஒட்ட வேண்டும். திருப்பிய பின் மார்புக்கும் இடுப்புக்கும் அடியில் தலையணை வைத்து, சில மணி நேரத்துக்கொருமுறை முகத்தையும் கைகளையும் பக்கம் மாற்ற வேண்டும். படுக்கைப் புண்ணையும் தோள் நரம்புக் காயத்தையும் தடுப்பது பெரும்பாலும் செவிலியரின் இந்தக் கவனமே. போதிய செவிலியர் இல்லாத பிரிவில் இச்சிகிச்சை ஏட்டளவில்தான் இருக்கும்.

5. முகம் வீங்கும் என்பதை உறவினரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் காட்டினால் அவர்கள் பதறிப்போவார்கள்.

கடலோரத்துக்கு

கொரோனா காலத்தில், 2021 ஏப்ரலில், மத்திய சுகாதார அமைச்சகம் வீட்டிலேயே குப்புறப் படுக்கும் முறையை விளக்கியது. அது நினைவோடு இருப்பவர் தானாகச் செய்வது. வென்டிலேட்டர் நோயாளியைத் திருப்புவது பயிற்சி பெற்ற குழுவின் வேலை. கடலோர ஊரான கடப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே இப்பகுதியில், ஆக்சிஜன் கொடுத்தும் மூச்சுத்திணறல் கூடுபவரை மறுநாள் வரை வைத்துப் பார்க்காமல் 108 ஆம்புலன்ஸில் அனுப்ப வேண்டும். பெறும் மருத்துவமனைக்கு முன்பே தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும். அப்போதுதான், திருப்ப வேண்டிய ஐந்து பேரும் நோயாளி வரும்போது ஆயத்தமாக இருப்பார்கள்.