ஒட்டியிருப்பவற்றையும் எண்ணுவோம்

நுண்ணுயிர் என்றதும் நோயை நினைப்பவர்களே நம்மில் அதிகம். கந்தகத்தை உண்டு வாழும் பாக்டீரியாக்களும் உண்டு என்பதை இங்கே வந்துதான் நான் அறிந்தேன். விடுமுறையில் அதை வீட்டில் சொன்னபோது, பள்ளி வாசலை மிதித்திராத என் தந்தை இரண்டே கேள்விகள் கேட்டார். "அது நம்ம களர் நிலத்துக்கு ஆகுமா? எத்தனை நாளாகும்?"

முதல் கேள்விக்கு விடை எளிது. நியூஜெர்சி மண்ணிலிருந்து 1922-இல் வாக்ஸ்மனும் ஜாஃபேயும் பிரித்து விவரித்த 'தயோபாசில்லஸ் தயோஆக்சிடன்ஸ்' கந்தகத்தைக் கந்தக அமிலமாக்குகிறது. இதுபோன்ற பாக்டீரியாக்கள் பல மண்களில் உள்ளன. அவை உண்டாக்கும் அமிலம் களரின் காரத்தைத் தணிக்கும்.

இரண்டாம் கேள்வியில்தான் நான் தடுமாறினேன். கந்தகம் நீரில் எளிதில் கரையாது. ஆகவே சில பாக்டீரியாக்கள் கந்தகத் துகளில் ஒட்டிக்கொள்கின்றன; சில நீரில் மிதக்கின்றன. செய்முறை வகுப்பில் நாம் என்ன செய்கிறோம்? குடுவை நீரில் ஒரு துளி எடுத்து, நுண்ணோக்கியில் எண்ணி, அடியில் தங்கிய துகள்களைத் தொட்டியில் கொட்டிவிடுகிறோம். பாதியைக் கொட்டிவிட்டு, மீதியை முழுமை என்று எழுதுகிறோம்!

"வாயருகே உணவிருப்பதால் ஒட்டியவைக்கே ஆற்றல் அதிகம்" என்பர் சிலர். அதையும் அளக்காமல் ஏற்கலாகாது. நெருக்கமாக ஒட்டியவற்றுக்கு ஆக்சிஜன் குறையலாம். உயிரணுவின் ஆற்றல் நாணயம் ஏ.டி.பி. மின்மினியின் ஒளிக்கு அது தேவை என்று மெக்எல்ராய் 1947-இல் காட்டினார்; அந்த ஒளியைக் கொண்டே இன்று ஏ.டி.பி.யை அளக்கிறார்கள். ஆனால் மொத்த ஏ.டி.பி. மிகுதி என்றால், உயிரணுக்கள்தாம் மிகுதியோ என்னவோ! எண்ணிக்கையால் வகுத்தால்தான் ஓர் உயிரணுவின் நிலை தெரியும். எண்ணாதவற்றை எப்படி வகுப்பது?

மின்மினி ஒளியை அளக்கும் கருவி நமக்கு உடனே கிடைக்காமல் போகலாம். எண்ணுவதற்கு என்ன தடை? துகள்களைச் சிறிது சோப்புக் கரைசலில் குலுக்கி, ஒட்டியவற்றில் இயன்றவரை பிரித்து எண்ணலாம். அதுவும் இயலாவிட்டால், பதிவேட்டில் 'மிதப்பவை மட்டும்' என்று நேர்மையாக எழுதலாம்.

என் தந்தையின் வயலில் குடுவை நீர் இல்லை. அங்கே பாக்டீரியாக்கள் பெரும்பாலும் மண்ணிலும் துகளிலும் ஒட்டியே வாழ்கின்றன. அவற்றை விட்டுவிட்டு அவருக்கு நான் நாள் குறித்துக் கொடுப்பது எப்படி? ஆசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் இதைச் சிந்திக்க வேண்டுகிறேன்.

— இரண்டாம் ஆண்டு மாணவன், பி.எஸ்ஸி. நுண்ணுயிரியல்