பத்து நிமிஷ ஸ்பீக்கரும் பத்தடி ரூமும்

பத்துக்குப் பன்னிரண்டு ரூமில் ஆள் உயர டவர் ஸ்பீக்கர் இரண்டை நிறுத்தி வைத்துவிட்டு, பாட்டு ஆரம்பித்த அரை மணி நேரத்தில் ரிமோட்டைத் தேடுகிறவர்கள் ஒரு தனி ரகம். நல்ல கம்பெனி, நல்ல விலை, விமர்சனத்தில் ஐந்து நட்சத்திரம். ஆனாலும் நாலாவது பாட்டில் சத்தத்தைக் குறைக்கத் தோன்றும். ஆறாவது பாட்டில் அணைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். கேட்டால், "முன்ன மாதிரி பாட்டு கேக்க முடியலப்பா, வயசாயிடுச்சு போல" என்று பதில் வரும். இருபத்தாறு வயசில்!

வயசும் காரணம் இல்லை, பாட்டும் காரணம் இல்லை. ஸ்பீக்கர்தான் காரணம். அதைவிடப் பெரிய காரணம், அதைத் தேர்ந்தெடுத்த விதம்.

கடையில் நடப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஏ.சி. போட்ட டெமோ ரூம், தரையில் கம்பளம், சோபா. விற்பனையாளர் தனக்குப் பிடித்த டெமோ பாட்டைப் போடுவார். கண்ணாடி உடையும், மணி அடிக்கும், கிடார் கம்பியில் விரல் உரசுவது கூடக் கேட்கும். "எவ்ளோ டீட்டெயில் பாத்தீங்களா சார்?" பத்து நிமிஷத்தில் முடிவாகிவிடும். இரண்டு ஸ்பீக்கரை மாற்றி மாற்றிப் போட்டால், கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதும் கொஞ்சம் பளிச்சென்று ஒலிப்பதும் ஜெயிக்கும். ஒரு டெசிபல் வித்தியாசம் போதும். காதுக்கு அது "சத்தம் அதிகம்" என்று தெரியாது, "தரம் அதிகம்" என்றுதான் தெரியும். இது தெரிந்துதான் பல கம்பெனிகள் மேல் ஸ்தாயியைத் தூக்கி விட்டுச் செய்கின்றன. பத்து நிமிஷத்தில் "டீட்டெயில்" ஆகத் தெரிந்த அதே விஷயம், ஒரு மணி நேரத்தில் தலைவலி ஆகிறது.

மனிதக் காது எல்லா அதிர்வெண்ணையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. காதுத் துவாரம் ஒரு குழாய். அது ஏறக்குறைய 3000 ஹெர்ட்ஸில் தானே ஒத்ததிர்ந்து ஒலியைக் கூட்டிக் கொடுக்கும். 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை காதுக்கு உணர்ச்சி அதிகம் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933-லேயே வளைகோடு போட்டுக் காட்டினார்கள். அந்த இடத்தில் ஒரு ஸ்பீக்கர் இரண்டு மூன்று டெசிபல் மேடு தட்டினால், மற்ற எந்தக் குறையையும் விட அதுதான் முதலில் குத்தும்.

இதற்கு ஓர் அழகான உதாரணம் யமஹா என்.எஸ்.10. 1978-ல் வீட்டு ஸ்பீக்கராகத்தான் வந்தது. வீட்டுக்காரர்களிடம் எடுபடவில்லை. ஆனால் ரெக்கார்டிங் ஸ்டுடியோக்கள் தூக்கிக் கொண்டன. அந்த வெள்ளைக் கூம்பு வூஃபரை உலகம் முழுக்க ஸ்டுடியோ படங்களில் பார்க்கலாம். காரணம், பாட்டில் உள்ள குறையை அது ஈவிரக்கமில்லாமல் காட்டிக் கொடுக்கும். அதில் மணிக்கணக்கில் வேலை செய்த என்ஜினியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ட்வீட்டருக்கு முன்னால் டிஷ்யூ பேப்பரை ஒட்டினார்கள். எந்த டிஷ்யூ நல்லது என்று சண்டை கூட நடந்தது! 2001-ல் அதன் தயாரிப்பு நின்றது. குறை கண்டுபிடிக்கிற கருவியும் பாட்டுக் கேட்கிற கருவியும் ஒன்றல்ல என்பதற்கு அந்த டிஷ்யூ பேப்பரே சாட்சி. "ஸ்டுடியோ மானிட்டர்" என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்ததும் வாயைப் பிளப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

எதிர்ப்பக்கத்தில் பி.பி.சி.யின் எல்.எஸ்.3/5ஏ. 1970-களில் வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் வைப்பதற்காக பி.பி.சி. பொறியாளர்கள் வடிவமைத்தது. வேனுக்குள் இடம் எவ்வளவு இருக்கும்? ஸ்பீக்கரின் உயரமே ஓர் அடிதான். ஐந்து அங்குலச் சொச்சம் வூஃபர் ஒன்று, ட்வீட்டர் ஒன்று, முழுக்க மூடிய பெட்டி. ட்வீட்டரைச் சுற்றிக் கம்பளித் துணி, பெட்டியின் ஓரத்தில் ஒலி பட்டுச் சிதறாமல் இருக்க. அதன் முன்னால் உட்காரப் போகிறவர் அந்த நெருக்கத்தில் மணிக்கணக்காக வேலை பார்க்க வேண்டியவர். அறிவிப்பாளரின் குரல் குரலாகக் கேட்க வேண்டும், காதும் சோரக் கூடாது. ஆழமான பேஸ் அதில் கிடையாது, சத்தமும் ரொம்ப வராது. ஆனாலும் அரை நூற்றாண்டு ஆகியும் உரிமம் வாங்கிச் சில கம்பெனிகள் இன்னும் செய்து விற்கின்றன. ஒரு வேனுக்குப் போதுமானது ஒரு பெட்ரூமுக்குப் போதாதா?

"83 டெசிபல்தானே சென்சிட்டிவிட்டி, பவர் பத்தாது" என்று உடனே ஒருவர் வருவார். கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 83. இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 77. இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்தால் 80. ஒரே ஒரு வாட்டில், சுவர் திருப்பி அனுப்புவதைச் சேர்க்காமலே! 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருந்தாலே காதுக்கு ஆபத்து ஆரம்பம் என்கிறார்கள். இருநூறு வாட்டை வைத்துக்கொண்டு அந்த ரூமில் என்ன செய்வது?

இன்னொரு வாய்ப்பாடு: "சில்க் டோம் இதமா இருக்கும், மெட்டல் டோம் குத்தும்." இது பாதிப் பொய். மெட்டல் டோமின் ஒத்ததிர்வு பெரும்பாலும் 20,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, காதுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. உண்மையான வில்லன் வூஃபரும் ட்வீட்டரும் கைமாறுகிற இடம். ஆறரை அங்குல வூஃபர் 3000 ஹெர்ட்ஸை நெருங்கும்போது டார்ச் லைட் மாதிரி நேராக மட்டும் ஒலியை வீசும். அங்கே பொறுப்பெடுக்கிற சின்ன ட்வீட்டரோ நாலாபக்கமும் வீசும். நேராக அளந்தால் கோடு போட்ட மாதிரி இருக்கும் ஸ்பீக்கர், பக்கவாட்டில் அளந்தால் சரியாகக் குத்துகிற இடத்தில் மேடு தட்டும். பெரிய ஹாலில் இது அவ்வளவு தெரியாது. சின்ன ரூமில் பக்கச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்த மேடு சுவரில் பட்டு நேராகக் காதுக்குத்தான் வரும். கனடாவில் ஃப்ளாய்ட் டூல் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கரை மறைத்து ஆட்களைக் கேட்க வைத்து, 1986-ல் வெளியிட்ட முடிவும் இதுதான்: நேராகவும் பக்கவாட்டிலும் சீராக ஒலிப்பதைத்தான் பெரும்பாலோர் விரும்பினார்கள். 1994-ல் அவரும் ஷான் ஆலிவும் திரையோடும் திரையில்லாமலும் சோதித்தபோது, ஸ்பீக்கர் கண்ணுக்குத் தெரிந்ததும் மதிப்பெண்ணே மாறிப் போனது. கண் கேட்கிறது, காது பார்க்கிறது!

அதற்காக ட்ரெபிளே இல்லாத மந்தமான ஸ்பீக்கரை "வார்ம்" என்று வாங்குவதும் முட்டாள்தனம். போர்வைக்குள்ளிருந்து பேசுகிறவரின் பேச்சைக் கேட்பதும் களைப்புதான்.

இனி ரூம். இங்கிலாந்து வீடுகளில் கம்பளமும் கனத்த திரையும் சகஜம். நம்மூர் ரூமில் டைல்ஸ் தரை, சிமெண்ட் பூச்சு, கான்கிரீட் கூரை. நூறு பங்கு ஒலி போனால் தொண்ணூற்றைந்துக்கு மேல் திரும்பி வரும். அங்கே எழுதிய விமர்சனத்தைப் படித்து இங்கே வாங்கினால், அதே ஸ்பீக்கர் இரண்டு மடங்கு கூச்சல் போடும். பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள ரூமில் 56 ஹெர்ட்ஸ் இரண்டு திசையிலும் ஒரே சமயம் எதிரொலிக்கும். பேஸ் கிடாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். அந்தச் சுரம் வரும்போதெல்லாம் ரூம் "ம்ம்ம்" என்று முனகும். அதைத் தாண்டிக் குரலைக் கேட்க சத்தத்தைக் கூட்டினால் ட்ரெபிள் குத்தும், குறைத்தால் குரல் போய்விடும். டவர் ஸ்பீக்கர்காரர்கள் ரிமோட்டோடு படும் பாடு இதுதான். பேஸ் குறைந்த சின்ன ஸ்பீக்கரை ஸ்டூல் மேல், மூலையை விட்டுத் தள்ளி வைத்தால் பாதிப் பிரச்சினை வராது. பின்பக்கம் ஓட்டை உள்ள ஸ்பீக்கரா? ஒரு பழைய சாக்ஸைச் சுருட்டி அதில் அடைத்துப் பார்க்கலாம். (துவைத்த சாக்ஸ்.) கேபிளுக்குக் கொடுக்கிற காசில் கனத்த திரைச்சீலையும் ஜமக்காளமும் வாங்கி, பக்கச் சுவரில் புத்தக அலமாரியை நகர்த்தி வைத்தால், ஸ்பீக்கரை மாற்றிய மாதிரி இருக்கும்.

எல்லாவற்றையும் மிஞ்சியது "பர்ன்-இன்" சமாதானம். "இருநூறு மணி நேரம் ஓடட்டும் சார், குத்துறது நின்னுடும்." தினமும் இரண்டு மணி நேரம் கேட்டால் மூன்று மாசத்துக்கு மேல் ஆகும். திருப்பிக் கொடுக்கிற கெடு அதற்குள் தாண்டியிருக்கும். வூஃபரின் விளிம்பு கொஞ்சம் தளரும், அது உண்மை. 3000 ஹெர்ட்ஸ் மேட்டை அது தரைமட்டம் ஆக்காது. மாறுவது காதுதான், குத்தைப் பொறுத்துக்கொள்ளப் பழகிவிடும். அல்லது சொந்தக்காரர் கேட்பதையே விட்டுவிடுவார்.

இதற்குச் சொல்ல வேண்டிய ஒரு நியாயமும் உண்டு. 2008-ல் மெட்டாலிகாவின் "டெத் மேக்னெட்டிக்" ஆல்பத்தை அளவுக்கு மீறிச் சத்தமாக அழுத்திப் பதிந்தது பெரிய ரகளையானது. அந்த மாதிரிப் பதிவு எந்த ஸ்பீக்கரிலும் களைப்புதான். அதனால் சோதிக்கப் போகும்போது கடைக்காரரின் டெமோ வேண்டாம். நன்றாகத் தெரிந்த ஒருவரின் பேச்சை, வெறும் பேச்சை, பதிவு செய்து கொண்டுபோக வேண்டும். "ஸ", "ஷ" எழுத்துகள் ஊசியாகத் தனியே நின்றால் வேண்டாம். அடுத்து ஒரு நாதஸ்வரம். அது கூர்மையாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் கண்ணைச் சுருக்க வைக்கக் கூடாது. இரண்டு ஸ்பீக்கரையும் ஒரே சத்தத்தில் வைத்து, வீட்டில் ராத்திரி கேட்கிற அளவுக்குக் குறைத்து, ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். கடைக்காரர் பெருமூச்சு விடுவார், விடட்டும். சனி ஞாயிறு மட்டும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சம்மதிக்கிற கடை கிடைத்தால், விலை கொஞ்சம் கூட இருந்தாலும் அங்கேயே வாங்கலாம்.