பார்த்துக்கொள்ள ஆளா இல்லை?

போடியில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடும். முந்தல் தாண்டி, போடிமெட்டு வளைவுகளில் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் பெண்களை இறக்கிவிட்டு, பொழுது சாயும்போது திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். அதில் ஏறும் ஒவ்வொரு தாயின் பிள்ளையையும் கீழே யாரோ ஒருவர் பார்த்துக்கொள்கிறார். அப்பத்தா, அம்மாச்சி, மதினி, அடுத்த வீட்டு அக்கா, அங்கன்வாடி ஆயா. இவர்கள் ஒரு நாள் கையை விரித்தால் அன்றைக்குக் காய் எடுப்பு நின்றுபோகும்.

அந்தப் பிள்ளைக்கு ஆட்டிசமோ பெருமூளை வாதமோ இருந்தால் மட்டும் ஊரின் பேச்சு மாறிவிடுகிறது. "இந்த மாதிரிப் பிள்ளையைப் பார்க்க ஆள் கிடைக்காதும்மா. பெத்தவ வேலையை விட்டுட்டு வீட்டோட இருக்க வேண்டியதுதான்." ஆஸ்பத்திரி வரிசையிலும் பள்ளிக்கூட வாசலிலும் சொந்தக்காரர் திண்ணையிலும் இதே தீர்ப்புதான். நல்ல மனசோடு சொல்கிறார்கள் என்பதாலேயே யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

இந்தத் தீர்ப்புக்குச் சொல்லப்படும் முதல் காரணம், "பெத்தவளுக்குத்தான் அந்தப் பொறுமை வரும்" என்பது. பிள்ளைக்கு வலிப்பு வந்து இரவெல்லாம் விழித்திருந்தவள், மறுநாள் பகலும் அதே பிள்ளையோடு தனியாக அடைந்துகிடந்தால் பொறுமை எங்கிருந்து வரும்? நன்றாகத் தூங்கி எழுந்த அடுத்த வீட்டு அக்காவிடம் அது கூடுதலாகவே இருக்கும். இந்தப் பேச்சில் தகப்பன் என்ற சொல் ஒரு தடவைகூட வருவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

பிள்ளை பார்ப்பது கூலிக்குரிய வேலை என்பது நம் சட்டங்களுக்குப் புதிதல்ல. 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம், வேலையிடத்துக்கு ஐந்து சிறு குழந்தைகள் வந்தால் அங்குள்ள பெண்களில் ஒருவரை அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தி, அவருக்கும் கூலி தரச் சொன்னது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐம்பது பெண்கள் வேலை பார்க்கும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது. ஏலத்தோட்டமும் அந்தச் சட்டத்துக்குள் அடங்கியதுதான். ஆனால் காப்பகம் மலைமேல், பிள்ளை போடியில். அதுவும் ஆறு வயதோடு சரி. எட்டு வயதிலும் ஊட்டிவிட வேண்டிய பிள்ளை ஒன்று இருக்கும் என்று அதை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

"இதுக்கெல்லாம் படிச்சவங்க வேணும், மதுரைக்குத்தான் போகணும்" என்பது அடுத்த வாதம். பாதி உண்மை என்பதால் இதுதான் அதிகம் ஏமாற்றுகிறது. வைத்தியமும் பயிற்சியும் வேறு, பகலில் பார்த்துக்கொள்வது வேறு. முன்னதற்கு மருத்துவர் வேண்டும்; அதற்கும் எடுத்த எடுப்பில் மதுரை போக வேண்டியதில்லை, தேனியைத் தாண்டிக் கானாவிலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரும் வேண்டும். பின்னதற்கு வேண்டியது அந்த ஒரு பிள்ளையைப் பற்றிய அறிவு. படுக்கவைத்து ஊட்டக் கூடாது, முதுகுக்கு அண்டைகொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்து, தலை பின்னால் சாயாமல் பிடித்து, சிறு சிறு வாயாகக் கொடுக்க வேண்டும். சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது படுக்கவிடக் கூடாது. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. குக்கர் விசில் சத்தம் தாங்காத பிள்ளை என்றால் சமையலை அதற்கு ஏற்றாற்போல் முடித்துக்கொள்ள வேண்டும். கதவு திறந்திருந்தால் ஓடிவிடும் பிள்ளை என்றால் தாழ்ப்பாளை மேலே வைக்க வேண்டும். இதில் எதற்குப் பட்டம் வேண்டும்? தாய் பக்கத்திலிருக்க ஒரு வாரம் கூடவே இருந்து பழகி, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினால் போதும். படிக்கத் தெரியாதவர் என்றால் படம் வரைந்து ஒட்டலாம்.

ஊர்ப்பெண்களுக்கு இதைவிடக் கடினமானதையும் கற்றுக்கொடுக்க முடியும் என்று காட்டியவர்கள் இதே மேற்குத் தொடர்ச்சி மலையடியில் இருக்கிறார்கள். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்து வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளின் வீடுகளுக்கே அனுப்புகிறது. என்ன பயிற்சி தரவேண்டும் என்பதை வல்லுநர்கள் வகுக்கிறார்கள், அந்தப் பெண்கள் கைபேசிச் செயலியில் அதைப் பார்த்து நடத்துகிறார்கள். சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கடற்படைத் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். பிறர் கையால் பராமரிக்கப்படுவது என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. அங்கே பெற்றோருக்கு வழிகாட்டியவர்கள் வல்லுநர்கள் அல்லர், சாதாரண நலப்பணியாளர்கள். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து பழகுவதும், பிள்ளை தானாகப் பேச்சுக்கொடுப்பதும் கூடின. நம் மாநிலத்திலேயே 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம், சுயஉதவிக் குழுப் பெண்களைத்தான் வீடு வீடாக அனுப்பியது.

இவர்கள் எல்லோரும் கொஞ்ச நேரம் வந்து போகிறவர்கள், நாள் முழுக்க இருப்பவர்கள் அல்லர் என்று ஒருவர் மடக்கலாம். சரிதான். ஆனால் கற்றுக்கொள்ள முடியாதவர்கள் என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. நாள் முழுக்க இருப்பவர்களைத் தயார்செய்யும் யோசனையும் வராமல் இல்லை: மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை, பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி தர 'சஹயோகி' என்று ஒரு திட்டத்தை 2015இலேயே அறிவித்தது. போடி சுப்புராஜ் நகரில் நின்று அந்தப் பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்?

"முன்னப்பின்ன தெரியாதவங்களை நம்பி எப்படி விடுறது?" இந்தப் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். பேச்சு வராத பிள்ளையால் நடந்ததைச் சொல்ல முடியாது. ஆனால் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்பவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்குத் தெரிந்தவர்கள்தான் என்பதைப் போக்சோ வழக்குகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. ஆகவே சொந்தம் என்பதே காவல் ஆகிவிடாது. சொல்லாமல் கொள்ளாமல் இடையில் வந்து பார்க்கும் இன்னொரு ஆள், பகலில் திறந்தே கிடக்கும் வாசல், குளிப்பாட்டும்போது உடம்பைக் கவனிக்கும் பழக்கம், ஒருவரைப் பார்த்ததும் பிள்ளை ஒடுங்கினால் அதைச் சட்டைசெய்யும் கண். வருகிறவர் அத்தையாக இருந்தாலும் அந்நியராக இருந்தாலும் இவை வேண்டும்.

பணத்துக்கு வருவோம். இங்கேதான் எதிர்த்தரப்புக்கு உண்மையான பலம் இருக்கிறது. கடுமையான பாதிப்புள்ளவர்களுக்குத் தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 முதல் மாதம் 2,000 ரூபாய். இருபத்தைந்து வேலைநாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 80 ரூபாய். எந்தப் பெண் அதற்கு ஒரு பகல் முழுக்க வந்து உட்காருவார்? தாயின் கூலியிலிருந்து கொடுப்பது என்றால், ஒரு கூலியில் இரண்டு குடும்பம் சாப்பிட வேண்டும். மலைக்கு மேலே கேரளத்தில் பராமரிப்பவருக்கென்றே 'ஆஸ்வாசகிரணம்' என்ற பெயரில் மாதம் 600 ரூபாய் உண்டு. சின்னத் தொகைதான், ஆனால் பார்த்துக்கொள்கிறவர் என்று ஒருவர் இருப்பதை அரசு ஒத்துக்கொண்ட தொகை. போடிப் பெண் வேலை செய்வது கேரளத்தில், வீடு இருப்பது தமிழ்நாட்டில். அது அவளுக்கு வராது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 24ஆம் பிரிவில், அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி தருவதைச் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆக, ஆளுக்குப் பஞ்சம் என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது உண்மையில் கூலிக்குப் பஞ்சம். இதைப் பிரித்துச் சொல்லாதவரை, கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் தாயின் தலையில் கட்டிக்கொண்டே இருப்போம்.

"விடுதியில சேர்த்துடு" என்பவர்களுக்கு ஒரே வரி: அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு, பிள்ளையின் நலனுக்காக நீதிமன்றம் ஆணையிட்டாலன்றி, குறைபாட்டைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது.

அப்படியானால் யாரைக் கேட்பது? மூட்டு தேய்ந்து, ஜீப் ஏறவும் சரிவில் நின்று காய் எடுக்கவும் முடியாமல் நின்றுவிட்ட ஐம்பது வயதுப் பெண்கள் போடியின் தெருக்களில் இருக்கிறார்கள். நாலைந்து பிள்ளைகளை வளர்த்த கை. கையில் காசு இல்லை, பகல் முழுக்க நேரம் இருக்கிறது. முதலில் அவர்களைத்தான் கேட்க வேண்டும், "கொஞ்சம் பார்த்துக்கங்க மதினி" என்ற உபகாரப் பேச்சாக இல்லாமல், இத்தனை மணிக்கு வரவேண்டும், இவ்வளவு சம்பளம், வாரத்தில் ஒரு நாள் லீவு என்று. ஆறு வயதுப் பிள்ளைக்கு இது நடக்கும். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகி முப்பது கிலோ ஆகும்போது, அந்தத் தேய்ந்த மூட்டோடு தூக்கிக் கழிப்பறைக்குக் கொண்டுபோக ஒருவரால் ஆகாது. இரண்டு பேர் வேண்டும், அல்லது சக்கர நாற்காலி உள்ளே போகிற அளவுக்குக் கழிப்பறைக் கதவை இடித்து அகலமாக்க வேண்டும். கொத்தனாரை ஆறு வயதிலேயே கூப்பிட்டுவிடுவது நல்லது.