குப்பை வண்டியில் ஏறும் இளைஞருக்கு நாம் தரும் எதிர்காலம் என்ன?

சென்னை ரிப்பன் மாளிகையின் முன்பு 2025 ஆகஸ்ட் 1 முதல் பதின்மூன்று நாள்கள் தூய்மைப் பணியாளர்கள் வெயிலிலும் மழையிலும் அமர்ந்திருந்ததை நாம் அறிவோம். இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரு மண்டலங்களின் குப்பை அகற்றும் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டதை எதிர்த்து நடந்த போராட்டம் அது. அமர்ந்திருந்தவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். சுமார் 23,000 ரூபாய் பெற்றுவந்த தங்களுக்கு இனி 16,000 ரூபாய்க்குச் சற்று அதிகமாகவே கிடைக்கும் என்றும், பல ஆண்டுகள் உழைத்தும் பணி நிரந்தரம் இல்லை என்றும் அவர்கள் முறையிட்டார்கள். வருங்கால வைப்பு நிதியும் மருத்துவக் காப்பீடும் கிடைக்கும், வேலை பறிபோகாது என்றது மாநகராட்சி. உயர்நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களைக் கைது செய்து அகற்றியது. மறுநாள் மாநில அமைச்சரவை காலை உணவு, காப்பீடு, வீடு எனப் பல நலத்திட்டங்களை அறிவித்தது. அவை நல்லவையே. ஆனால் அந்தப் பெண்கள் கேட்டது நிரந்தர வேலையும் குறையாத கூலியும்தான்.

இந்நிகழ்வு நம் முன் ஒரு கேள்வியை வைக்கிறது. இன்று குப்பை லாரி ஓட்டுநராகவோ, அள்ளுபவராகவோ வேலை தொடங்கும் ஓர் இளைஞருக்கு இருபது ஆண்டுகள் கழித்து என்ன இருக்கும்?

இது யாரும் செய்யக்கூடிய எளிய வேலை என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவல்ல. குறுகிய தெருவில் கனரக வண்டியைப் பின்னோக்கி எடுக்க வேண்டும். குப்பையை அழுத்தும் இயந்திரத்தின் அருகே கை, கால் சிக்காமல் நிற்க வேண்டும். உடைந்த கண்ணாடியும் ஊசியும் எந்தப் பையில் இருக்கும் என்று தெரியாமலேயே தூக்க வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்கில், பணியின்போது உயிரிழப்பு விகிதம் மிக அதிகமுள்ள பத்துத் தொழில்களுள் குப்பை சேகரிப்பு ஆண்டுதோறும் இடம்பெறுகிறது.

ஆயினும் அதே அமெரிக்காவின் நியூயார்க் நகரில் இந்த வேலைக்குத் தேர்வு அறிவித்தால் பல்லாயிரம் பேர் விண்ணப்பிக்கிறார்கள். தேர்வில் வென்று, கனரக வாகன உரிமத்திற்கும் தகுதி பெற்று, பல ஆண்டுகள் காத்திருந்து வேலையில் சேருகிறார்கள். காரணம் எளிது. அது நகராட்சியின் நிரந்தரப் பணி. ஐந்தாறு ஆண்டுகளில் ஊதியம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. பணிக்காலம் முடிந்தால் ஓய்வூதியம் உண்டு. அங்கும் குப்பை நாறத்தான் செய்கிறது. ஆனால் அந்த வேலையை நம்பி ஒருவர் திருமணம் செய்யலாம், வீடு வாங்கலாம், பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம்.

அந்த நாட்டிலும் இது தானாக வந்துவிடவில்லை. 1968 பிப்ரவரி 1 அன்று மெம்பிஸ் நகரில், மழைக்குக் குப்பை லாரியின் பின்பகுதியில் ஒதுங்கிய இரு கறுப்பினத் தொழிலாளர்களை அழுத்தும் இயந்திரம் நசுக்கிக் கொன்றது. ஏறத்தாழ 1,300 பேர் வேலையை நிறுத்தினார்கள். அவர்கள் ஏந்திய அட்டைகளில் ‘நான் ஒரு மனிதன்’ என்று மட்டுமே எழுதியிருந்தது. அவர்களுக்குத் துணைநிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று அந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின்னரே நகராட்சி சங்கத்தை ஏற்றது, கூலியை உயர்த்தியது. அங்கே நிறம் செய்ததை இங்கே சாதி செய்துகொண்டிருக்கிறது. நம் ஊரில் இப்பணிக்கு வருபவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பது நமக்குத் தெரியாதா?

2020-இல் கொரோனா காலத்தில் இவர்களுக்கு மாலையிட்டோம், கைதட்டினோம். ‘துப்புரவு’ என்ற சொல் ‘தூய்மை’ என்று மாறியதும் அந்த ஆண்டில்தான். பெயர் உயர்ந்தது, நல்லது. ஆனால் பெயர் உயர்ந்தவரின் கூலி இறங்குமானால் அந்த மரியாதைக்குப் பொருள் என்ன? திருத்தந்தை 13-ஆம் லியோ 1891-இல் வெளியிட்ட சுற்றுமடலில், தொழிலாளர் ஒப்புக்கொண்டார் என்பதாலேயே ஒரு கூலி நீதியானதாகிவிடாது, அது அவரைத் தாங்கப் போதுமானதாக இருக்க வேண்டும் என்று போதித்தார். வேறு வழியின்றிக் குறைந்த கூலிக்குத் தலையசைப்பவரின் நிலை இன்றும் அதுவே.

தனியார் நிறுவனம் வந்தால் புதிய வண்டிகள் வரலாம், தெருக்கள் சுத்தமாகலாம். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் எந்த ஒப்பந்தமானாலும், அதில் வண்டிகளின் எண்ணிக்கையைப் போலவே தொழிலாளரின் கூலியும் பணிப் பாதுகாப்பும் எழுதப்பட வேண்டும். இதைக் கேட்கும் உரிமை வரி செலுத்தும் நமக்கு உண்டு. வாக்குக் கேட்டு வருபவர்களிடம் சாலையையும் குடிநீரையும் கேட்கும் நாம் இதையும் கேட்கலாமே.

நம் வீட்டு வாசலிலும் செய்ய வேண்டியது உண்டு. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துக் கொடுப்போம். உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றித் தனியே தருவோம். நாப்கின்களையும் மருந்து ஊசிகளையும் மற்றக் குப்பையோடு கலக்காதிருப்போம். வண்டியோடு வருபவரின் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லி அழைப்போம்.

நாளைக் காலை குப்பை வண்டியின் மணியோசை நம் தெருவில் கேட்கும். நம் பிள்ளையை இந்த வேலைக்கு அனுப்புவோமா என்று அப்போது ஒருமுறை நம்மையே கேட்டுக்கொள்வோம். ‘மாட்டோம்’ என்பது நம் பதிலானால், மாற வேண்டியது அந்த வேலையின் நிலைமை. அதை மாற்றும் பொறுப்பு நம்முடையதும்தான்.