அம்பாசடர் கொதிப்பதும் நாம் கழற்றி எறிவதும்

மேற்கு வங்கத்து உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுபோயிற்று. எஞ்சியிருக்கும் வண்டிகளைப் பேணுவது ஒன்றே இனி நம் கையில் உள்ளது. ஆனால் பேணுதல் என்ற பெயரில் நாம் இழைத்துவரும் கேடு ஒன்றுண்டு. என்ஜின் கொதித்தவுடன் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுகிறோம். 'இது குளிர்நாட்டுச் சமாச்சாரம், நம் வெயிலுக்கு எதற்கு?' என்ற பேச்சு பட்டறைகளில் வேதவாக்காகவே வழங்குகிறது. அம்பாசடரின் மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்பதால் அப்பேச்சு நியாயம்போலவும் தோன்றுகிறது. நாம் இதை ஏற்பதற்கில்லை.

தெர்மோஸ்டாட் என்பது சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் ஒரு கதவு. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது நீரை ரேடியேட்டருக்குச் செல்லவிடாமல் தடுக்கும். சூடு ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸை எட்டியதும் வழிவிடும். அது இல்லாவிடில் என்ஜின் தனக்குரிய சூட்டை அடைய நெடுநேரமாகும். அதுவரை ஆயிலில் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கிக் கசடாகும், சிலிண்டர் தேயும், பெட்ரோல் வீணாகும். சென்னையின் சித்திரை வெயிலும் 80 டிகிரிக்கு வெகு கீழேதான் என்பதை மறத்தலாகாது.

இதனினும் பெரிய கேடு, சூடுகாட்டும் முள் சற்றே இறங்கியதும் நோய் தீர்ந்தது என்று நாம் நம்பிவிடுவது. அடைபட்ட ரேடியேட்டர் அடைபட்டபடியே இருக்கும்.

வண்டி எப்போது கொதிக்கிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். சிக்னலில் நிற்கையில் கொதித்து, ஓடத் தொடங்கியதும் தணிந்தால் குறை பெரும்பாலும் காற்றோட்டத்தில்தான். தளர்ந்த ஃபேன் பெல்ட்டையும், ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையே அடைந்த புழுதியையும் பார்க்க வேண்டும். மாறாக, நெடுஞ்சாலை வேகத்தில் கொதித்தால் நீரோட்டத்தை ஐயுற வேண்டும். ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை ஊற்றி ஊற்றி உள்ளே காறை படிந்திருக்கலாம். கிழடு தட்டிய கீழ் ஹோஸ், பம்ப் இழுக்கும் விசையில் ஒட்டிக்கொள்ளலாம். இக்னிஷன் டைமிங் பிந்தியிருந்தாலும், பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாலும் சூடு ஏறும். வெளியே ஒழுக்கு தெரியாமலே நீர் குறைந்து, ரேடியேட்டரில் குமிழிகளும் எழுந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கக்கூடும்.

ரேடியேட்டர் மூடியையும் அற்பமாக எண்ணலாகாது. 7 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தாங்கும் மூடி, நீரின் கொதிநிலையை ஏறத்தாழ 111 டிகிரிக்கு உயர்த்துகிறது. அதன் ரப்பர் நைந்தால் அந்த 11 டிகிரிப் பாதுகாப்பும் போயிற்று. சூடாக இருக்கையில் அம்மூடியைத் திறப்பது முகத்தை வேகவைத்துக்கொள்வதற்கு ஒப்பாகும்.

தெர்மோஸ்டாட்டே பழுதாகியிருக்கவும் கூடும். அதைச் சோதிப்பதும் எளிது: ஒரு பாத்திரத்து நீரில் தொங்கவிட்டு, வெப்பமானியும் வைத்துக் காய்ச்சிப் பாருங்கள். உரிய சூட்டில் திறக்கவில்லையெனில் வேறொன்று வாங்கிப் பொருத்துங்கள். நள்ளிரவில் நடுவழியில் நின்றுவிட்ட ஓட்டுநர், திறவாமல் சிக்கிய தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு வீடு வந்து சேர்வதை நாம் குறை சொல்லவில்லை. மறுநாளும் அவ்விடத்தை வெறுமையாகவே விட்டுவைப்பதைத்தான் குறை சொல்கிறோம்.

பழைய வண்டிக்கு மினுங்கும் வண்ணம் பூசி ஊர்வலம் விடுவதில் நமக்கு ஆர்வம் மிகுதி. அதன் நீரையும் காற்றையும் சூட்டையும் கவனிக்கும் பொறுமையோ அரிதாகி வருகிறது. அந்தப் பொறுமையல்லவா உண்மையான பேணுதல்?