எவர் மாட்டிவிட்ட கண்ணாடி?

தைத் திங்கள் முதல் நாள்! அவனியாபுரத்திலே வாடிவாசல் திறக்கிறது. சீறிப் பாய்ந்து வருகிறது காளை. வேலிக்கு இருபுறமும் ஆயிரமாயிரம் கண்கள். மாடு குத்திச் சாய்ந்த இளைஞனைத் தோளிலே போட்டுக்கொண்டு ஓடுகிறார் ஒருவர். அந்தத் தோள் எந்த மதத்துத் தோள் என்று எவரும் கேட்பதில்லை. குருதி கொட்டும்போது கேள்வி கேட்க நேரமில்லை. மனிதன் மனிதனாகவே தெரிகிறான்.

பொங்கல் கழிந்து பத்து நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே ஊரிலே ஒரு தெரு. வாசலிலே "வீடு வாடகைக்கு" என்ற அட்டை. கட்டட வேலை செய்யும் கொத்தனார் ஒருவர் வந்து கேட்கிறார். வாடகை ஒத்துவருகிறது, முன்பணம் ஒத்துவருகிறது, தண்ணீர் வசதியும் பேசியாகிவிட்டது. கடைசியிலே, "பேர் என்னப்பா?" என்கிறார் வீட்டுக்காரர். பெயரைச் சொன்னதும் முகம் மாறுகிறது. "அடடா! நேற்றே ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டார்" என்கிறார். கொத்தனார் திரும்பி நடக்கிறார். அட்டையோ அடுத்த வாரமும் அதே வாசலிலேதான் ஆடிக்கொண்டிருக்கிறது!

இது அவனியாபுரத்துக்கு மட்டும் உரிய பழி அல்ல. சென்னையிலே உண்டு, கோவையிலே உண்டு, மாடமாளிகை நிறைந்த பம்பாயிலே இதைவிட அதிகமாகவே உண்டு. அந்த வீட்டுக்காரரும் கொடியவர் அல்லர். முஸ்லிம் கடையிலே பிரியாணி வாங்கித் தின்றவர்; கிறிஸ்துவப் பள்ளியிலே பிள்ளையைப் படிக்க வைத்தவர்; பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பள்ளிவாசல் வாசலிலே ஓதிக்கொள்ளக் காத்து நிற்கும் கூட்டத்திலே அவர் வீட்டு அம்மாவும் நின்றிருக்கக்கூடும். பின் ஏன் பெயரைக் கேட்டதும் பின்வாங்கினார்? கண் அவருடையதுதான், கண்ணாடி அவருடையது அல்ல. அதை யாரோ மாட்டிவிட்டார்கள். மாட்டியவர் யார், எதற்காக மாட்டினார் என்பதே நமது கேள்வி.

அவனியாபுரத்திலிருந்து மேற்கே பார்த்தால் திருப்பரங்குன்றம் தெரியும். அடிவாரத்திலே பாண்டியர் காலத்துக் குடைவரையிலே முருகன் கோயில். மேலே காசி விசுவநாதர் கோயில். இன்னொரு முகட்டிலே சிக்கந்தர் தர்கா. மலைச் சரிவிலே சமணத் துறவியர் தங்கிய கற்படுக்கைகள், தமிழ்ப் பிராமி எழுத்துக்கள். ஒரே பாறை, எத்தனை நெறிகளுக்கு நிழல் தந்திருக்கிறது!

அங்கே பிணக்கே இருந்ததில்லை என்று நாம் பொய் சொல்லவில்லை. எல்லை பற்றிய வழக்கு 1920-லே மதுரை நீதிமன்றம் ஏறியது. 1923-லே தீர்ப்பு வந்தது. மலை தேவஸ்தானத்துக்கு, நெல்லித்தோப்பும், மேலே செல்லும் படிக்கட்டும், பள்ளிவாசல் நிற்கும் இடமும் முஸ்லிம்களுக்கு என்றது அது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1931-லே அந்தத் தீர்ப்பே நிலைபெற்றது. பங்காளிகளுக்குள்ளே வரப்புத் தகராறு வருவதில்லையா? அதுபோல வந்தது; அதுபோலவே தீர்க்கப்பட்டது.

2025-லே என்ன நடந்தது? ஆடு, கோழி பலியிடுவது பற்றிய பிணக்கு ஊர் எல்லையைத் தாண்டியது. தடையுத்தரவு போடப்பட்டது. பிப்ரவரி 4 அன்று பழங்காநத்தத்திலே பெருங்கூட்டம் கூட்டப்பட்டது. ஜூன் மாதம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் இரு நீதிபதிகள் இரு வேறு தீர்ப்பளித்தனர். அக்டோபரிலே மூன்றாம் நீதிபதி பலியிடுவதற்கு எதிராகத் தீர்ப்பு சொன்னார். டிசம்பர் 1 அன்று, மலைமேல் உள்ள தூணிலே கார்த்திகை தீபம் ஏற்ற வேண்டும் என்று தனி நீதிபதி உத்தரவிட்டார்; 2026 ஜனவரி 6 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது.

வழக்கு வழக்காக நடக்கட்டும். சட்டத்தின் படியிலே ஏறி இறங்கட்டும். தீபம் நமக்குப் பகை அன்று. தொழுகையும் நமக்குப் பகை அன்று. நாம் கேட்பது ஒன்றே. ஒரு தூணைப் பற்றிய வழக்கு, தெருவிலே வடை சுடும் கிழவியின் கடையை ஏன் அடைக்க வேண்டும்? விழாக் கூட்டம் வந்தால் பூக்கடையும் பிழைக்கும், பிரியாணிக் கடையும் பிழைக்கும். தடையுத்தரவு வந்தால் இரண்டுக்குமே பட்டினிதான். கலகத்திலே லாபம் பார்ப்பவன் அந்தத் தெருவிலே கடை வைத்திருப்பவன் அல்லன் என்பது இதிலிருந்தே விளங்கவில்லையா?

கண்ணாடி மாட்டுவோர் மூன்று பொய்களை ஓயாமல் ஓதுகிறார்கள். அவற்றை ஒவ்வொன்றாகத் தராசிலே வைப்போம்.

"அவர்கள் பெருகிவிட்டார்கள், நாளை நாம் சிறுபான்மை ஆகிவிடுவோம்" என்பது முதற்பொய். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டிலே நூற்றுக்கு 87.58 பேர் இந்துக்கள்; கிறிஸ்துவர் 6.12, முஸ்லிம்கள் 5.86. யார் யாரை விழுங்குவது? நாடு முழுவதும் ஒரு முஸ்லிம் பெண் பெறும் பிள்ளைகளின் சராசரி 1992-93-லே 4.4 ஆக இருந்து, 2019-21-லே 2.4 ஆக இறங்கியது. இந்துப் பெண்ணுக்கு 3.3 என்பது 1.9 ஆயிற்று. படிப்பும் வருவாயும் வந்தால் எல்லா வீட்டிலும் தொட்டில் குறையும். இதிலே மதம் எங்கே வந்தது?

"அரசு அவர்களுக்கு அள்ளிக் கொடுக்கிறது" என்பது இரண்டாம் பொய். நீதிபதி சச்சார் குழு 2006-லே அறிக்கை தந்தது. இந்திய மக்களிலே 13.4 விழுக்காடு முஸ்லிம்கள், ஆனால் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளிலே 3 விழுக்காடு, ஐ.பி.எஸ். அதிகாரிகளிலே 4 விழுக்காடுதான்! அள்ளிக் கொடுத்த கை எது? வாங்கிய மடி எது? தமிழ்நாட்டிலே 2007-லே பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு வந்தது. அதுவும் பிற்படுத்தப்பட்டோருக்கு ஏற்கெனவே இருந்த பங்கிலிருந்து உள்ளே பிரித்து அளந்ததேயன்றி, பிறர் இலையிலிருந்து பறித்து வைத்தது அன்று.

மூன்றாவதுதான் கொடிய பொய். "ஒருவன் செய்தால் எல்லோரும் செய்தது போல" என்பது அது. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையிலே குண்டுகள் வெடித்தன. 58 உயிர்கள் போயின. கொடுமை! குற்றவாளிகளைச் சட்டம் தண்டித்தது, தண்டித்தது நியாயம். ஆனால் அன்று மதுரையிலே தையல் எந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தவர் அதற்கு எப்படிப் பொறுப்பாவார்? 1948-லே காந்தியடிகளைச் சுட்டவனின் மதத்தைப் பார்த்து, அந்த மதத்தார் அனைவரையும் கூண்டிலே ஏற்றினோமா? ஏற்றவில்லை; ஏற்றவும் கூடாது. ஒருவருக்கு ஒரு படி, இன்னொருவருக்கு வேறு படி என்று அளப்பவன் வணிகனும் அல்லன், நீதிமானும் அல்லன்.

2020-ஐ மறந்துவிட்டோமா? மார்ச் மாதம் தில்லி நிஜாமுதீனிலே தப்லீக் ஜமாஅத் மாநாடு நடந்தது. போய்வந்தவர் சிலருக்குக் கொரோனா தொற்றியது. நோய்க்கு மதம் பூசினார்கள்! நாட்டின் பல இடங்களிலே காய்கறி வண்டிக்காரரை நிறுத்திப் பெயர் கேட்டார்கள். ஆகஸ்டிலே பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டுத் தப்லீக்கினர்மீது போட்ட வழக்குகளைத் தள்ளி, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கருதியது. குணமான தப்லீக்கினர் பலர், மற்ற நோயாளிகளுக்காகத் தங்கள் குருதியின் பிளாஸ்மாவைக் கொடுத்தார்கள். வதந்தி ஊரெல்லாம் ஓடியது. உண்மையோ நொண்டிக்கொண்டு பின்னால் வந்தது. பலருக்கு அது இன்னும் வந்து சேரவேயில்லை!

கடல் கடந்தும் பார்ப்போம். இலங்கையிலே தமிழர் சிறுபான்மையர். 1956-லே சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்றார்கள். 1983 ஜூலையிலே கொழும்புத் தெருக்களிலே தமிழர் வீடும் கடையும் எரிந்தன. தமிழன் என்ற ஒரே குற்றத்துக்காக! நம் நெஞ்சு கொதித்தது. ஆனால் 1990 அக்டோபரிலே, வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்திலே அவர்களுக்குத் தந்த அவகாசம் இரண்டு மணி நேரம். அவர்கள் பேசியதும் தமிழ்தான். பட்டவனே படுத்துபவன் ஆன கதை இது. சொல்ல நாக்கூசுகிறது, ஆயினும் சொல்லியே தீரவேண்டும். பெரும்பான்மையின் ஆணவம் எந்த மொழி பேசினாலும் ஆணவமே. ஈழத்திலே உரிமை கேட்ட வாய், அவனியாபுரத்திலே வீடு மறுக்கலாமா?

தோழர்களே! பிறரைக் குறை கூறியது போதும். நம் முதுகையும் நாம் பார்ப்போம். நோன்பு மாதத்திலே தொப்பி அணிந்து கஞ்சி குடித்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். தேர்தல் வந்தால் பள்ளிவாசல் வாசலிலும் தேவாலய வாசலிலும் கைகூப்பி நிற்கிறோம். தேர்தல் முடிந்தபின் அந்தத் தெருவின் சாக்கடையைப் பற்றி எத்தனை பேர் கேட்டோம்? பகைவன் அவர்களை ஆபத்து என்று பார்க்கிறான். நாம் வாக்குச் சீட்டு என்று பார்க்கிறோம். இரண்டுமே கண்ணாடிதான், நிறம்தான் வேறு!

மேடையிலே இன்னொரு பழக்கமும் உண்டு. "சீறாப்புராணம் தந்த உமறுப்புலவர் பிறந்த சமுதாயம், தேம்பாவணி தந்த வீரமாமுனிவரின் மதம், அரசியல் நிர்ணய சபையிலே தமிழுக்காக வாதாடிய காயிதே மில்லத்தின் கூட்டம், ஆகவே அவர்களை மதிப்போம்" என்கிறோம். பெருமை பேசுவோம், தவறில்லை. ஆனால் காவியம் பாடாத கசாப்புக் கடைக்காரருக்கு மதிப்பு இல்லையா? தொண்டுக்குக் கூலியாகக் கிடைப்பதா குடியுரிமை? 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் அதைக் கொத்தனாருக்கும் கொடுத்திருக்கிறது. கேட்டு வாங்க வேண்டிய பிச்சை அன்று அது.

எனவே, ஒவ்வொரு கிளைத் தோழருக்கும் நான்கு வேலைகள். கைப்பேசியிலே வரும் சேதியை விசாரிக்காமல் அடுத்தவருக்கு அனுப்பாதீர். தேநீர்க் கடையிலே பழி பேசுவோரிடம் மேலே சொன்ன கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். சினம் வேண்டாம், கணக்கே போதும். தொழிற்சங்கத்திலே ஒருவர் கூலிக்கு ஊறு என்றால், பெயரைக் கேட்குமுன் கொடியை எடுங்கள். நான்காவது, எல்லாவற்றையும்விடக் கடினமானது: உங்கள் வீட்டு வாசலிலே வாடகை அட்டை தொங்கினால், வாடகையை மட்டும் பேசுங்கள்.

வெள்ளக்கல் குப்பைக் கிடங்கின் நாற்றத்தைப் பல்லாண்டு காலம் அவனியாபுரத்தார் அனைவரும் சேர்ந்தே சுவாசித்தார்கள். காற்று எவரையும் பெயர் கேட்டுத் தொடவில்லை. துன்பத்திலே ஒன்றாக இருந்தவர்கள் தெருவிலே ஒன்றாக வாழ முடியாதா? முடியும்! கழற்றுங்கள் அந்தக் கண்ணாடியை. அடுத்த வீட்டுக்காரர் அடுத்த வீட்டுக்காரராகவே தெரிவார்!